ரிவால்வர் க்ஷேமம்

உ

செஞ்சி,
27-12-1966

வேலூரில் இருக்கும் ரிட்டையர்டு இன்ஸ்பெக்டர், என் தமக்கை சாரதாவின் கணவர், மகா ராஜ ராஜ ஸ்ரீ பாலசுப்பிரமணியன் மாமா அவர்கள் சமூகத்துக்கு, செஞ்சி கடைத்தெரு மல்லாட்டை மண்டி கோதண்டராமன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் சம்சாரம் ஆதிலட்சுமியும் சுகம். அவ்விடம் தாங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாயிருப்பதற்குப் பதில் எழுதவும். மார்கழிப் பனியில் எனக்கு மட்டும் கொஞ்சம் இருமல். அது கிடக்கட்டும்.

வழக்கமாக இந்த இடத்தில் 'ரிவால்வர் க்ஷேமம்' என்று ஒரு வரி எழுதுவேன். பதினொரு வருஷமாக மாதம் தவறாமல் எழுதி வந்திருக்கிறேன். தாங்களும் பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பனார் விசாரிக்கிற மாதிரி எங்களைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அதைப் பற்றித்தான் கேட்பீர்கள். இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை மாமா. இன்றைக்கு அது நிஜமாகவே க்ஷேமமாக இருக்கிறது. இத்தனை வருஷமும் க்ஷேமமாக இல்லை. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். தாங்கள் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முடிந்தால் ஒரு வாய் காபியும் குடித்துவிட்டு, மேலே படிக்க வேண்டுகிறேன்.

தாங்கள் ரிட்டையராகி, பேரப்பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டில் துப்பாக்கி கூடாது என்று ரிவால்வரை என்னிடம் ஒப்படைத்து, கடலூர் கலெக்டர் ஆபீசில் சொல்லி லைசென்ஸையும் என் பேருக்கு மாற்றிக் கொடுத்தீர்கள். கொடுக்கும்போது பெட்டிமூடியின் உட்புறம் ஒரு காகிதமும் ஒட்டிக் கொடுத்தீர்கள். மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும், துப்பாக்கி எண்ணெய் தவிர வேறு எண்ணெய் படக்கூடாது, பக்கத் தகட்டின் திருகாணியை நான் தொடவே கூடாது, உள்பாகத்தைத் திறக்க வேண்டி வந்தால் சிங்கவரம் தனகோட்டியைத்தான் கூப்பிட வேண்டும் என்று தங்கள் கையெழுத்தில் இருந்தது. அந்தக் காகிதம் இன்றைக்கும் ஒட்டியபடியே இருக்கிறது, கிழியவில்லை. அது ஒன்றைத்தான் நான் பத்திரமாக வைத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். தாங்கள் கொடுத்த சின்ன டப்பா எண்ணெயில் பாதி தையல் மிஷினுக்கும் பாதி கொல்லைக் கதவின் கீலுக்கும் போய்விட்டது. அப்புறம் எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. நம்ம செக்கில் ஆட்டின மல்லாட்டை எண்ணெய், மூன்று தாலுக்காவில் பேர்போன கடலெண்ணெய், மனுஷன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது, ஒரு இரும்புக்கா ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று நினைத்தேன். மாதாமாதம் ஒரு கரண்டி விட்டேன். பளபளவென்றுதான் இருந்தது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆயுத பூஜை வருமா, தராசு, படிக்கல், அரிவாள்மணை, தையல் மிஷின், சைக்கிள் எல்லாவற்றோடும் ரிவால்வரையும் மணைப் பலகையில் வைப்போம். வீட்டிலேயே பேருக்கேற்ற ஆயுதம் அது ஒன்றுதான் என்று ஆதிலட்சுமிக்கு அதன்மேல் தனி பக்தி. மற்றதற்கெல்லாம் ஒரு பொட்டு. ரிவால்வருக்கு உருளையில் ஆறு ஓட்டை இருக்கிறதே, ஒன்றை விட்டு ஒன்றுக்கு வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று ஆறுக்கும் உள்ளே விரலை விட்டுச் சந்தனம், மேலே குங்குமம். குழல் வாயில் ஒன்று. பின்னால் தோட்டாவைத் தட்டுகிற குதிரையின் இடுக்கில் ஒன்று. பதினொரு வருஷத்துச் சந்தனமும் பதினொரு வருஷத்து மல்லாட்டை எண்ணெயும் உள்ளே போய் ஒன்றாகக் குழைந்து, காய்ந்து, என்ன ஆகியிருக்கும் என்று தாங்களே யோசித்துக்கொள்ளலாம். நான் யோசிக்கவில்லை. பூஜை முடிந்ததும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, தங்களுக்கு 'க்ஷேமம்' எழுதிவிட்டு, கடைக்குப் போய்விடுவேன்.

இந்த மாதம் ஐந்தாம் தேதி ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, லைசென்ஸ் புதுப்பிக்க இருபத்திரண்டாம் தேதி ரிவால்வரையும் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று சொன்னான். புது சப்-இன்ஸ்பெக்டர் கண்டிப்பானவராம். முன்னே மாதிரி நம்பரை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பமாட்டாராம், வேலை செய்கிறதா என்று விசையை இழுத்துப் பார்ப்பாராம், இல்லாவிட்டால் லைசென்ஸ் ரத்து, துப்பாக்கி சர்க்காருக்கு. சரி, நாமும் ஒருதரம் இழுத்துப் பார்ப்போம் என்று எடுத்தேன். விசை அசையவில்லை. குதிரை அசையவில்லை. உருளையைச் சுற்றினால் துப்பாக்கியே சேர்ந்து சுற்றுகிறது. வெயிலில் வைத்தேன். மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறப்போட்டேன். வெளியே இருந்த பளபளப்பு போயிற்று, உள்ளே இருந்த பிசின் போகவில்லை. தங்கள் இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் கூடவே இருந்த சாமான் என் கையில் அம்மிக்குழவி மாதிரி இருப்பதைப் பார்த்து எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே தனகோட்டிக்குச் சொல்லி அனுப்பினேன். யுத்த காலத்தில் பட்டாளத்துப் பட்டறையில் எத்தனை ஆயிரம் துப்பாக்கியைத் திறந்து மூடினவன், தாங்கள் செஞ்சியில் இன்ஸ்பெக்டராக இருந்தபோது இதே ரிவால்வரை ஸ்டேஷனில் தங்கள் மேசையில், தங்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் திறக்கச் சொன்னீர்கள், எல்லாம் எனக்குத் தெரியும். இப்போது சிங்கவரம் காலனியில் தன் வீட்டு வாசலிலேயே ஸ்டவ், பூட்டு, பெட்ரோமாக்ஸ் விளக்கு ரிப்பேர் செய்கிறான். லைசென்ஸ்படி ரிவால்வர் என் கையை விட்டுப் போகக்கூடாது, ஆகையால் நான் அதை எடுத்துக்கொண்டு அவன் வாசலுக்குப் போக வேண்டும், அல்லது அவன் என் வீட்டுக்கு வர வேண்டும். நான் அங்கே போய் உட்காருவதா என்று எனக்கு ஒரு இது. வந்தால் எங்கே உட்கார வைப்பது என்று அதைவிடப் பெரிய இது. எனக்குச் சொந்தத்தில் ஒன்றும் வித்தியாசம் கிடையாது மாமா, தாங்கள் என்னை அறிவீர்கள். கடைத்தெருவில் நாலு பேர் என்ன சொல்லுவார்கள், கூடத்தில் அம்மா படம் மாட்டியிருக்கிறதே என்றெல்லாம் யோசித்து, கொல்லையில் மாட்டுக் கொட்டகையைப் பெருக்கி, புதுச் சாக்கு ஒன்று விரித்து, தண்ணீர்கூடத் தெளித்து வைத்தேன்.

அவன் பட்டாளத்துத் தோல்பையோடு வந்தான். ரிவால்வரை நீட்டினேன். காலிதான் என்று சொன்னேன். கேட்காமல் மடக்கித் திறக்கப் பார்த்து, திறக்காமல், குழல் பக்கமாக வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை ஓட்டையாகப் பார்த்தான். காலின்னு சொல்ற துப்பாக்கியத்தான் முதல்ல பார்க்கணும் என்று சொன்னான். ஆறு ஓட்டையிலும் சந்தனம் குங்குமம் இருப்பதைப் பார்த்து அவன் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். ஆனால் சிரிக்கவில்லை. பையைத் திறக்காமல் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னா மொதலாளி, இங்கியா?"

காற்றோட்டமாக இருக்கும் என்று சொன்னேன்.

"காத்து இன்னாத்துக்குங்க? உள்ள இருக்கிற சாமான் ஒண்ணொண்ணும் நொய்யி மாதிரி இருக்குது. வைக்கோல்ல வுழுந்தா மாடுதான் துன்னும். ஒரு மேசை, கொஞ்சம் வெளிச்சம், அவ்ளோதான். கூடத்துல சன்னலாண்ட ஒண்ணு கெடக்குதே, அது போதும்."

அந்த மேசையில் நாங்கள் சாப்பிடுகிறோம் என்றேன். சாப்பிடுவதில்லை மாமா, அதன்மேல் பழைய பஞ்சாங்கமும் ஊறுகாய் ஜாடியும்தான் இருக்கின்றன. அவனும் அதைப் பார்த்திருப்பான். ரிவால்வரைச் சாக்கின்மேல் பதமாக வைத்தான், குழல் சுவரைப் பார்த்த மாதிரி. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வரேங்க என்று போய்விட்டான். கோபமாகப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவன் அந்த வசதியும் கொடுக்கவில்லை.

அப்புறம் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. அவன் இல்லாவிட்டால் என்ன, திருகாணி திருகாணிதானே என்று, எந்த மேசையை அவனுக்குக் கொடுக்கவில்லையோ அதே மேசையில், ஊறுகாய் ஜாடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தையல் மிஷின் திருப்புளியைக் கொண்டு தாங்கள் தொடக்கூடாது என்று எழுதின திருகாணியைத் திறந்தேன். தகடு லேசில் வரவில்லை. சந்தனம் பிடித்துக்கொண்டிருந்தது. ஆதிலட்சுமி வேண்டாம் வேண்டாம் என்கிறாள், நான் நெம்புகிறேன், திடீரென்று தகடு கையோடு வந்துவிட்டது. உள்ளே சின்னச் சின்னதாக என்னென்னவோ. அத்தனையும் தேன் கலர் பிசினில் முங்கிக் கிடக்கிறது, ஊறுகாய் ஜாடிக்குள் எட்டிப் பார்த்த மாதிரியே இருந்தது. அதில் வளைந்த கம்பி மாதிரி ஒன்றைத் திருப்புளி முனையால் தொட்டேன். தொட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். டிங் என்று ஒரு சத்தம், என் காதோரம் ஏதோ போயிற்று, அவ்வளவுதான், ஸ்பிரிங்கைக் காணோம்.

கூடத்தில் அப்போது வல்லத்திலிருந்து வந்த மல்லாட்டை பதினாலு மூட்டை அடுக்கியிருந்தது, இரண்டு மூட்டை வாய் திறந்திருந்தது. ஸ்பிரிங் அதற்குள்தான் போயிருக்கும் என்று இரண்டையும் கூடத்திலேயே கொட்டி, முறத்தில் போட்டு நானும் ஆதிலட்சுமியும் புடைத்தோம். பிறகு சந்தேகத்துக்கு இன்னும் நாலு மூட்டை. தூசியில் எனக்கு இந்த இருமல் பிடித்தது அப்போதுதான், பனியினால் அல்ல. இதற்குள் விஷயம் கடைத்தெருவில் பரவி, இரும்புக் கடை கனகராஜ் வந்து, ஸ்பிரிங்தானே, கொண்டை ஊசியை வளைத்துப் போட்டால் ஆயிற்று என்று ஆதிலட்சுமியின் கொண்டையைப் பார்க்க ஆரம்பித்தார். அவரை அனுப்பி வைத்தேன். மீதிப் பாகங்களை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினேன். இருபத்திரண்டாம் தேதி டப்பாவை ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்து, இதுதான் எங்கள் மாமா ரிவால்வர் என்று சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்தேன். அதைவிட, ஒரு மனுஷனை மாட்டோடு உட்காரச் சொன்னோமே என்பதுதான் போகப் போக என்னை அரித்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

ஆகவே பத்தொன்பதாம் தேதி காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே சிங்கவரம் போனேன். தனகோட்டி வீட்டு வாசலில் இறங்கி, நான் செய்தது தப்பு, மனசில் வைத்துக்கொள்ளாதே, என் வீட்டு மேசையில் வந்து உட்கார்ந்து செய்து கொடு என்று கேட்டுக்கொண்டேன். அவனும் பெரிய மனசு பண்ணி உடனே வந்தான். கூடத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நாங்கள் குடிக்கிற டம்ளரிலேயே காபி கொடுத்து, நான் கூடவே இருந்து ஒவ்வொரு பாகமாக எடுத்துக் கொடுத்தேன். ஸ்பிரிங் போன திசையை அவன் கண்டுபிடித்த விதத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். எந்த நாற்காலி, எந்தக் கை, எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு என்று மட்டும் கேட்டான். எழுந்து போய், ஆயுத பூஜைக்குக் கட்டி இன்னும் அவிழ்க்காமல் நிலைப்படியில் காய்ந்து தொங்கிய மாவிலைத் தோரணத்தை உதறினான். விழுந்தது. ஆறு மூட்டை மல்லாட்டையைப் புடைத்தவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொரு பாகத்தையும் வெந்நீரில் கழுவி, துடைத்து, மயிரிழை அளவு நல்ல எண்ணெய் தொட்டு வைத்து, கடைசியில் குதிரையை விரலால் பிடித்து மெதுவாக இறக்கிக் காட்டினான். உள்ளேயிருந்து சுரண்டி எடுத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் ஒரு காகிதப் பொட்டலமாகக் கட்டி என் கையில் சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

இருபத்திரண்டாம் தேதி ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் விசையை இழுத்தார். க்ளிக் என்றது. உருளை ஓர் அறை நகர்ந்து நின்றது. ஆறு தடவை இழுத்தார், ஆறு தடவையும் அப்படியே. இவ்வளவு சுத்தமாக இந்தத் தாலுக்காவில் ஒரு துப்பாக்கியும் பார்த்ததில்லை, யார் சர்வீஸ் செய்தது, ஸ்டேஷனில் ஒன்பது மஸ்கட் துப்பாக்கி வேலைக்காகாமல் கிடக்கிறது, மாதாமாதம் வந்து பார்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார். சிங்கவரம் தனகோட்டி என்று நான் அடித்துச் சொன்னேன். அந்த வேலை இனி அவனுக்குத்தான். ஆக, எல்லாம் நல்லபடி முடிந்தது. தாங்கள் பழசை மனசில் வைக்காமல் மன்னித்து, இனி மாதாமாதம் நான் எழுதப்போகிற 'க்ஷேம'த்தை நம்ப வேண்டும். அக்காவுக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். பொங்கலுக்குத் தாங்கள் குடும்பத்தோடு வந்து ரிவால்வரையும் எங்களையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
கோதண்டராமன்

பின்குறிப்பு (28ஆம் தேதி காலை): எனக்கு இங்கிலீஷ் கையெழுத்து நன்றாக வராது, உறையின்மேல் விலாசம் எப்போதும் ஆதிலட்சுமிதான் எழுதுவாள் என்பது தங்களுக்குத் தெரியும். விலாசம் எழுதுவதற்கு முன் கடிதத்தைப் படித்தாள். படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டாள். நேற்று மத்தியானத்திலிருந்து பேனா மூடியபடியே இருக்கிறது. ஆகவே சில திருத்தங்கள்.

பத்தொன்பதாம் தேதி நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனது நிஜம். சிங்கவரம் மலைக் கோயில் படி வரை போனேன். அங்கே சைக்கிளை நிறுத்தி, என்ன சொல்வது, நீ என்று சொல்வதா நீங்கள் என்று சொல்வதா என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு, திரும்பி வந்துவிட்டேன். தனகோட்டி வீட்டில் இல்லை என்று ஆதிலட்சுமியிடம் சொன்னேன். மறுநாள் அவள் நடந்தே போனாள். அவர் வீட்டில்தான் இருந்தாராம், முந்தின நாளும் நகரவில்லையாம். அவள்தான் மன்னிப்புக் கேட்டாள். அவர் வந்தது அவளுக்காகத்தான். மேசையில் துணி விரித்ததும் காபி கொடுத்ததும் பாகங்களை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். நான் அன்றைக்கு முழுதும் மண்டியில், மூட்டைக்குப் பின்னால் இருந்தேன். சாயங்காலம் அவர் கிளம்பிப் போனதைத் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு அப்புறம்தான் வீட்டுக்குள் போனேன். தோரணத்தை உதறினதையெல்லாம் அவள் சொல்லக் கேட்டுத்தான் எழுதினேன்.

பொட்டலத்தை அவர் என் கையில் கொடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. அவளிடம் கொடுத்து, எண்ணெய்ப் பிசினை வழித்து எறிந்துவிட்டதாகவும், இதை மட்டும் தனியாக எடுத்து வைத்ததாகவும், சாமிக்கு வைத்ததைச் சாக்கடையில் போடக்கூடாது, துளசிச் செடியில் கொட்டிவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். ஐயா எங்கே என்று கேட்டாராம். மண்டியில் வேலை என்று இவள் சொல்லியிருக்கிறாள். பையை மாட்டிக்கொண்டு போகும்போது வாசற்படியில் நின்று ஒரு வார்த்தை சொன்னாராம். அதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும் என்று இவள் பக்கத்திலேயே நிற்கிறாள்.

"மேசை நல்ல மேசைம்மா. சாய்ந்தரம் வரைக்கும் வெளிச்சம் நிக்குது."

ஸ்டேஷன் விஷயமும் நான் எழுதினபடி இல்லை மாமா. யார் சர்வீஸ் செய்தது என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டபோது, வாசலில் கனகராஜ் வேறு நின்றிருந்தார், எனக்கு என்ன வந்ததோ, நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து கை கொடுத்தார். வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் ஸ்டேஷனுக்குப் போய் ஒன்பது மஸ்கட்டையும் திறந்து துடைக்க வேண்டும். தையல் மிஷின் திருப்புளி தவிர என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. இதை நினைத்துச் சிரிக்கவேண்டும் என்றால் தாங்கள் சிரிக்கலாம், ஆதிலட்சுமி சிரித்தாள், அப்புறம் அழுதாள். அவர் வாயிலிருந்து ஒரு வேலையைப் பிடுங்கி நான் போட்டுக்கொண்டேன் என்றாள். உண்மைதான். கொட்டகையில் சாக்கு விரித்ததைவிட இது பெரிய தப்பு. அதையாவது அவர் முகத்துக்கு எதிரே செய்தேன்.

இப்போது கிளம்புகிறேன். சிங்கவரம் போய், அவரிடம் சொல்ல வேண்டியதை நானே சொல்லி, அவர் சம்மதித்தால் கையோடு அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், சப்-இன்ஸ்பெக்டரிடமும் நிஜத்தைச் சொல்லப்போகிறேன். இந்தக் கடிதத்தை ஆதிலட்சுமியிடம் கொடுத்து, நான் போய்விட்டு வந்த பிறகு போடச் சொல்லியிருக்கிறேன். ஆகவே இது தங்கள் கைக்கு வந்தால் நான் போய்விட்டு வந்தேன் என்று தெரிந்துகொள்ளவும்.

கோ.

அண்ணாவுக்கு ஆதிலட்சுமி நமஸ்காரம். காலை எட்டு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மணி மூன்று ஆகிறது, இன்னும் வரவில்லை. கோயில் படி வரை போய்த் திரும்பி வர அவருக்கு முக்கால் மணிதான் ஆகும். அதனால் விலாசம் எழுதி நாலு மணித் தபாலுக்குச் சேர்க்கிறேன். சோறும் ஒரு ஆளுக்குக் கூடுதலாகவே வடித்திருக்கிறேன்.